பதினேழு வயதில் வீட்டை விட்டு: ஜூனியர் ஐஸ் ஹாக்கி சீசன் அனுபவங்கள்

பீட்டர்பரோவிலிருந்து

2022 கோடையில் வேலை மாறி நாங்கள் கனடாவின் பீட்டர்பரோவுக்கு வந்தோம். டொரோன்டோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். மகனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே, "நீ பீட்ஸ் மேட்ச் பார்த்திருக்கியா?" என்று பக்கத்து இருக்கைப் பையன் கேட்டிருக்கிறான். இவன் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான். பீட்ஸ் என்பது இந்த ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி.

எனக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டிதான். எங்கள் ஊரில் தீப்பெட்டி, கடலைமிட்டாய், அதற்கடுத்து ஹாக்கி. தரையில் முட்டி தேய விளையாடிப் பழகியவர்கள் நாங்கள். பனிக்கட்டி மேல் அதே பெயரில் ஓர் ஆட்டம் உண்டு என்பது தெரியும். அதைப் பார்க்க வேலை நாள் ராத்திரி ஊரே கிளம்பி வரும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அதுவும் பதினாறு முதல் இருபது வயதுக்குள் இருக்கிற பையன்கள் ஆடும் ஆட்டத்தை!

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்ஸ் ஆடும் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் 20 அணிகள். 17 அணிகள் ஒன்டாரியோவில், இரண்டு மிச்சிகனில், ஒன்று பென்சில்வேனியாவில். செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வோர் அணிக்கும் 68 ஆட்டங்கள். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். வெளியூர் என்றால் பஸ்தான். சால்ட் செயின்ட் மேரிக்குப் போக இங்கிருந்து ஏழெட்டு மணி நேரம், அதுவும் பனிக்காலத்தில். இடையில் பள்ளிக்கூடமும் போக வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். எங்கள் இருக்கை எதிரணியின் பெனால்டி பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டி. இரண்டாவது பீரியடில் ஒரு பையன் இரண்டு நிமிடத் தண்டனைக்கு வந்து உட்கார்ந்தான். களத்தில் பார்க்கும்போது காவல் தெய்வம் மாதிரி இருந்தவன். தோளில் காப்பு, காலில் நாலு விரல்கடை உயரம் கூட்டும் ஸ்கேட். பக்கத்தில் பார்த்தால் மோவாயெல்லாம் பரு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சியபோது பாதி சட்டையில் கொட்டியது. "அப்பா, இது ஒரு அண்ணன்" என்றான் என் மகன். ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னான். அன்றிலிருந்து எனக்கும் அப்படித்தான். எந்த அணியாக இருந்தாலும் அவர்கள் அண்ணன்கள்.

ஆட்டத்தின் வேகத்துக்குக் கண் பழக நாலைந்து மேட்ச் ஆயிற்று. கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர்தான் ஒரு பக்கம். நாற்பது, ஐம்பது வினாடிக்கு ஒருமுறை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். முழு வேகத்தில் சறுக்கினால் அதற்குமேல் நுரையீரல் தாங்காது. மூச்சு வாங்கியபடி சுவரைத் தாண்டி உள்ளே விழுகிறவனையும், அதே நொடியில் வெளியே குதிக்கிறவனையும் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். கோல்கூட அப்புறம்தான்.

டிசம்பரில் கரடி பொம்மை வீசும் நாள் வந்தது. சொந்த அணி முதல் கோல் போட்டதும் அரங்கத்தில் இருக்கிற எல்லாரும் கொண்டுவந்த பொம்மையைக் களத்துக்குள் வீச வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவை ஏழைக் குழந்தைகளுக்குப் போகும். மகன் புதிதாக ஒன்று வாங்கச் சம்மதிக்கவில்லை. ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த தன் பழைய பொம்மையைத்தான் போடுவேன் என்றான். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சு போட்டோம். கோல் விழுந்தது. சுற்றிலும் பொம்மை மழை. இவன் மட்டும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. களத்தில் இருந்த வீரர்கள் கை நிறைய அள்ளிக் கூடையில் போட்டு முடிக்கிற நேரத்தில் எழுந்து, கண்ணாடி மேல் எட்டாது என்பதால் என்னைத் தூக்கச் சொல்லி, வீசினான். ஒரு பீட்ஸ் பையன் சறுக்கி வந்து அதை எடுத்து, நெஞ்சோடு வைத்து, இவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். அந்தப் பையனுக்கு இன்று அது நினைவிருக்காது. எங்கள் வீட்டில் மறக்கவில்லை.

அந்த சீசன் அணி அப்படியொன்றும் கொடிகட்டிப் பறக்கவில்லை. ஜனவரியில் மிசிசாகாவிலிருந்து ஓவன் பெக்கைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே ஃபிளின்ட்டிலிருந்து பிரெனன் ஓத்மன் வந்திருந்தார். அப்படியும் கிழக்குப் பிரிவில் நாலாவது இடம்தான். பிளேஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். சட்பரியை நாலிலேயே முடித்தார்கள். ஆட்டவா ஆறு ஆட்டம், நார்த் பே ஏழு ஆட்டம் வரை இழுத்தது. கடைசியில் ஒன்டாரியோவிலேயே இருக்கிற லண்டன் ஊரின் நைட்ஸ் அணியை ஆறில் வென்று 2023 மே மாதம் லீக்கின் ராபர்ட்சன் கோப்பை. 2006க்குப் பிறகு முதல் முறை. அன்று அரங்கத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு தாத்தா கைதட்டவே இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் தோற்ற பையன்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். இருபது வயதானவர்களுக்கு ஜூனியர் ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஓர் அணியில் மூன்று பேருக்கு மேல் இருபது வயதுக்காரர்கள் இருக்கவும் முடியாது. கைகுலுக்கி முடித்துவிட்டு ஒரு லண்டன் பையன் களத்தை விட்டுப் போகாமல் நீலக்கோட்டில் நின்றுகொண்டிருந்தான். என் கண் அவன் மேலேயே இருந்தது.

கோவில்பட்டி விளையாட்டு விடுதி ஞாபகம் வந்தது. அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கிப் பழகிய கார்த்தி செல்வமும் எங்கள் ஊர் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் போனார்கள். ஊரே பெருமைப்பட்டது. அதே மாதிரி விடுதியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பையன்களையும் எனக்குத் தெரியும். உங்களில் யாராவது இந்தப் பையன்களோடு பழகியிருந்தால் எழுதுங்கள்.

கம்லூப்ஸிலிருந்து

பீட்டர்பரோ நண்பருக்கு இரண்டு சேதி. கரடி பொம்மை வீசும் வழக்கம் எங்கள் ஊரில் தொடங்கியதுதான். 1993 டிசம்பர் 5, கம்லூப்ஸ் பிளேசர்ஸ் ஆட்டத்தில். அப்புறம், நீங்கள் ராபர்ட்சன் கோப்பை வென்றபின் உங்கள் அணி, ஜூனியர் லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் மெமோரியல் கோப்பைக்கு இங்கேதான் வந்தது. நான் அப்போது இங்கே மாணவன். எங்கள் பிளேசர்ஸை உங்கள் பையன்கள் கூடுதல் நேரத்தில் 5-4 என்று வீழ்த்தி வெளியேற்றியபோது நான் மேல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் சியாட்டிலிடம் உங்களவர்கள் தோற்றார்கள், கோப்பையைக் கியூபெக் கொண்டு போனது. ஆனாலும் அந்த 5-4 ஆட்டம் மாதிரி இன்னொன்றை நான் நேரில் பார்த்ததில்லை.

சாஸ்கட்டூனிலிருந்து

எனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசனை. பஸ் பயணம் பற்றிப் படித்ததால் எழுதுகிறேன்.

ஹம்போல்ட் எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய ஆறாயிரம் பேரே இருக்கிற ஊர். 2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை மாலை. ஹம்போல்ட் பிரான்கோஸ் என்ற ஜூனியர் அணிப் பையன்கள் பிளேஆஃப் ஆட்டத்துக்கு நிப்பாவின் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸும் ஒரு லாரியும் 35ஆம் எண், 335ஆம் எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் மோதின. பஸ்ஸில் 29 பேர். 16 பேர் இறந்தார்கள். அதில் பத்துப் பேர் வீரர்கள்.

மறுவாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசல் விளக்கின் கீழ் ஹாக்கி மட்டை சாய்த்து வைத்திருந்தார்கள். போன பையன்களுக்கு எங்கேயாவது தேவைப்படலாம் என்று. நாடு முழுக்க அப்படி வைத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டை கிடையாது. என் மனைவி அகல் விளக்கு ஏற்றி வாசலில் வைத்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய், தன் பேரனின் பழைய மட்டையைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலும் சாய்த்து வைத்தார்.

இறந்தவர்களில் லோகன் பூலே என்ற வீரருக்கு 21 வயது. சில வாரங்களுக்கு முன்புதான் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு பேர் அதனால் பிழைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு அடுத்த சில வாரங்களில் கனடாவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் தானத்துக்குப் பதிந்தார்கள். நானும் பதிந்தேன். 2008இல் ஹிதேந்திரனின் இதயம் சென்னைப் போக்குவரத்தை நிறுத்திக் கொண்டுபோகப்பட்ட நாளில் நான் அண்ணா சாலையில் பஸ்ஸில் இருந்தவன். அன்றே செய்திருக்க வேண்டியது.

அந்த செப்டம்பரில் பிரான்கோஸ் மறுபடி களம் இறங்கினார்கள். எதிரணி அதே நிப்பாவின். பஸ்ஸில் இருந்து உயிர்தப்பிய இருவர் திரும்ப ஆட வந்திருந்தார்கள். தோற்றார்கள். நான் டிவியில்தான் பார்த்தேன். ஆனால் அந்த சீசனில் மூன்று முறை ஹம்போல்ட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தேன். வெளியூர் அணியின் பஸ் கிளம்பும்போது யாரோ சிலர் வாசலில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் நின்றேன்.

ஒன்ராறியோவிலிருந்து

நான் பில்லட் அம்மா. அப்படித்தான் இங்கே சொல்வார்கள். வெளியூரில் இருந்து ஆட வரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பத்துக்கு அந்தப் பெயர். ஊரையும் அணியையும் சொல்லவில்லை, ஏனென்றால் பிள்ளை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

எங்கட சொந்தப் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போன பிறகு மேல்மாடி அறை சும்மா கிடந்தது. அணியில் இருந்து வந்து வீட்டைப் பார்த்தார்கள், பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். மாதம் ஒரு தொகை தருவார்கள், ஆனால் அவன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கே அது காணாது. காசுக்காக இதைச் செய்கிறவர்களை நான் காணவில்லை. நான் ஏன் சம்மதித்தேன் என்றால், எனக்குப் பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். அந்த வீட்டு அன்ரி, கேட்காமலே ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு முட்டைப் பொரியல் எடுத்து வைப்பார். அதைவிட வேறு காரணம் இல்லை.

அவனும் பதினேழு வயதில்தான் வந்தான். வடக்கு ஒன்ராறியோப் பெடியன். முதல் மாதம் என்ன கேட்டாலும் "ஓகே" மட்டும்தான். இரவில் தாயோடு கதைக்கிற சத்தம் கேட்கும். தாய் என்னோடும் கதைப்பா. ஒரு சீசன் ஆடினால் ஒரு வருட யூனிவர்சிற்றிக் கட்டணம் தருவார்கள் என்பதை இரண்டு தரம் சொல்லி, "அதாவது மிஞ்சும்தானே" என்று கேட்டா. ஓம் என்றேன்.

ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் படுப்பான். அந்த நேரம் வீட்டில் மிக்சி போடமாட்டேன். பாஸ்ராதான் வேண்டும் என்று பட்டியல் தந்திருந்தார்கள். ஒருநாள் பாஸ்ரா முடிந்துவிட்டது, இடியப்பமும் கோழிக்கறியும் வைத்தேன். அன்று இரண்டு கோல் அடித்தான். அதன்பிறகு பாஸ்ரா வாங்கவே விடவில்லை. இருபது இடியப்பம் சாதாரணமாகப் போகும்.

இரண்டாவது ஜனவரியில் அவனை வேறு அணிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஜனவரியும் ஒரு கடைசித் திகதி இருக்கும், அதற்குள் மாற்றங்கள் முடியவேண்டும். காலை பத்தரைக்குப் போன் வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும். அது தொழில், சரி, எனக்கு விளங்குது. ஆனால் மூன்றரை மணி நேரத்தில் பள்ளி, சிநேகிதர், அறை எல்லாத்தையும் ஒரு பையில் அடைக்கச் சொல்வது சரியில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன பிறகு சலவை அறையில் பார்த்தால் அவனுடைய கழுத்துக் காப்பு காயப்போட்டபடியே கிடந்தது. கட்டாயம் போடவேண்டிய சாமான். புதிது கொடுத்திருப்பார்கள், தெரியும். என்றாலும் மடித்து வைத்திருந்தேன்.

பெப்ரவரியில் அவனுடைய புது அணி எங்கட ஊருக்கு ஆட வந்தது. வேறு நிறச் சட்டையில் பார்க்க முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க வட்டமடிக்கும்போது என்னைக் கண்டு கண்ணாடியில் மட்டையால் இரண்டு தட்டுத் தட்டினான். ஆட்டம் முடிந்து பின்வாசலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல குளிர். நனைந்த தலையோடு வந்து, "அன்ரி, இடியப்பமா?" என்றுதான் முதலில் கேட்டான்.

இரண்டு டப்பா கொண்டு போயிருந்தேன். ஒன்று அவனுக்கு, கழுத்துக் காப்பும் அதற்கு மேலேயே. மற்றது இப்போது அவனை வைத்திருக்கிற வீட்டு அம்மாவுக்கு. எப்படிச் சூடாக்குவது, ஒரு நேரத்துக்கு எத்தனை வைப்பது என்று துண்டில் எழுதி மூடியில் ஒட்டியிருந்தேன்.