கம்ப்ரசர் டேங்க் அடியில ஊசி ஓட்டை, வெல்டிங் வச்சு ஓட்டலாமா?

குளச்சல் பைக் ஒர்க்‌ஷாப்:
அண்ணன்மாரே அவசர சந்தேகம். நம்ம கடை கடல்ல இருந்து கூப்பிடு தூரம்தான். காத்து அடிக்குற 160 லிட்டர் கம்ப்ரசர், செகண்ட் ஹாண்ட்ல வாங்கி நாலு வருசம் ஆச்சு. ராத்திரி 8 கிலோ பிரஷர் ஏத்தி வச்சா காலையில 3தான் நிக்குது. ஓஸ், ஜாயிண்ட் எல்லாம் சோப்பு தண்ணி வச்சு பாத்தாச்சு ஒண்ணும் இல்ல, கடைசியில டேங்குக்கு அடியில கைய விட்டா ஒரு இடத்துல பெயிண்ட் கொப்பளம் மாதிரி பொங்கி கெடக்கு, நகத்தால நோண்டுனதும் செதில் உதிர்ந்து உஸ்ஸுனு காத்து. வெல்டிங்காரர் பத்து நிமிசத்துல அடைச்சு தாறேன்னு சொல்லுதாரு. அடைக்கட்டா?

மார்த்தாண்டம் லேத்:
தம்பி முதல்ல பிளக்க புடுங்கு, காத்த முழுசும் எறக்கு, மத்ததெல்லாம் பொறவு. பிரஷர் நிக்கும்போ நோண்டுனேன்னு வாசிச்சதும் நெஞ்சு பதறிட்டு. வெல்டிங் வேண்டவே வேண்டாம். காத்த அமுக்கி உள்ள விட்டு அது ஆறும்போ அதுல உள்ள ஈரம் தண்ணியாகி அடியில தங்கும், நமக்கு ஆனியாடியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, ஈரத்துக்கு பஞ்சமே இல்ல. தண்ணி கெடந்த இடம் பூரா தகட்ட உள்பக்கமா துரு தின்னிருக்கும், நீ பாத்த ஓட்டை முதல்ல வெளிய தெரிஞ்ச இடம், அவ்வளவுதான். நான் ஒரு பழைய டேங்க அறுத்து பாத்திருக்கேன், மேல்பக்கம் நல்ல கனம், அடித்தகடு பப்படம் மாதிரி கையில நொறுங்கிச்சு, வெளிய பெயிண்ட் பளபளன்னு இருந்துது கேட்டியா.

திங்கள்சந்தை டயர் கடை:
நாங்க ஒட்டு போட்டு ரெண்டு வருசம் ஓட்டுனோமே, ஒண்ணும் ஆகல.

மார்த்தாண்டம் லேத்:
ஆகாதது உங்க நல்ல நேரம் அண்ணே. 160 லிட்டர்ல 8 கிலோ நிக்குதுன்னா கிட்டத்தட்ட 1280 லிட்டர் காத்த கூடுதலா திணிச்சு வச்சிருக்கோம். ஒட்டு நிக்கும், பக்கத்துல உள்ள மெலிஞ்ச தகடு கிழியும், கிழிஞ்சா அந்த காத்து பூரா ஒரு நொடியில வெளிய வரும், பக்கத்துல ஆள் நிக்கும். அந்த டேங்க நிறுத்திருங்க.

குளச்சல் பைக் ஒர்க்‌ஷாப்:
எறக்கிட்டேன் அண்ணே. அடியில தண்ணி வெளிய விடுற ட்ரெயின் வால்வ திறந்தா ரெண்டு செம்பு தண்ணி, கட்டஞ்சாயா கலர்ல, மேல எண்ணெய் மிதக்குது. நாலு வருசத்துல நான் அத ஒழுங்கா திறந்ததே இல்ல. பிரஷர் கூடுனா தானா திறக்குற சேஃப்டி வால்வு இருக்குல்லா, அதுக்க வளையத்த இழுத்து பாத்தேன், பெயிண்ட் அடிச்சு இறுகி கெடக்கு, அசையல. இனி என்ன செய்ய?

மார்த்தாண்டம் லேத்:
காத்த அமுக்குற ஹெட்டும் மோட்டாரும் நல்லா இருந்தா டேங்க் மட்டும் புதுசு மாத்து. எவ்வளவு பிரஷர் வரைக்கும் ஏத்தலாம்னு அடிச்ச பிளேட் டேங்குல இருக்கணும், பிளேட் இல்லன்னா வாங்காத. சேஃப்டி வால்வும் புதுசு போடு, அது திறக்குற பிரஷர் பிளேட்டுல உள்ள அளவ தாண்டக்கூடாது, டேங்குக்கும் அதுக்கும் நடுவுல வேற வால்வு எதுவும் வைக்காத. டெய்லி கடை பூட்டும்போ ட்ரெயின மெதுவா திற, முகத்த தள்ளி வச்சுக்க. மாசம் ஒருக்க வளையத்த இழுத்து காத்து அடிச்சு, விட்டா சரியா மூடுதான்னு பாரு, கண்ணாடி போட்டுட்டு செய்யி. இடையில சந்தேகம் வந்தா தகடு கனம் பாக்குற அல்ட்ராசோனிக் மெஷின் உள்ள ஆளக் கூப்பிட்டு அடிப்பக்கத்த காட்டு. டேங்க் பிரஷர் தாங்குதான்னு டெஸ்ட் பண்ணுறதுன்னா காத்து வச்சு பண்ண விடாத, டேங்க் நிறைய தண்ணி ஏத்திதான் பண்ணணும், தண்ணி அமுங்காது, தகடு விட்டாலும் கசிஞ்சு நின்னுரும். அதையும் தெரிஞ்ச ஆள் செய்யட்டும்.

பழைய டேங்க ஆக்கர் கடையில, அதான் பழைய இரும்பு கடையில, முழுசா குடுக்காத மக்கா, அறுத்து குடு. இல்லன்னா பெயிண்ட் அடிச்சு வேற ஒரு கடைக்கு போயிரும், உனக்கு வந்த மாதிரி.