‘கோத்தகிரி வீடு’ குழு: அப்பாவின் ரத்தப் பரிசோதனை

கவிதா: அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 140, டிரைகிளிசரைடு 180. செல்வி அத்தை, பார்த்துச் சொல்லுங்கள்.

முருகேசன் சித்தப்பா: 34தானே? குறைவாக இருந்தால் நல்லது. அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

செல்வி அத்தை: அவசரப்படாதே முருகேசா. மற்றவை ஏறக் கூடாது, எச்.டி.எல். என்கிற நல்ல கொலஸ்ட்ரால் இறங்கக் கூடாது. ரத்தக் குழாய்ச் சுவரில் சேர்ந்த கொழுப்பை வாரிக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது அது. ஆண்களுக்கு 40க்குக் கீழே, பெண்களுக்கு 50க்குக் கீழே போனால் குறைவு. அண்ணன் வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுத்தாரா?

கவிதா: விடியற்காலையில் டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும்.

அம்மா: வர்க்கி நான் கொடுக்கவில்லை. டப்பாவை உயரத்தில்தான் வைத்திருந்தேன்.

ராணி சித்தி: எந்தக் கடை வர்க்கி அண்ணி? மொறுமொறுப்பாக இருந்ததா?

செல்வி அத்தை: சாப்பிட்டால் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறும். எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்கள். 210இல் 34ஐக் கழி, 180இல் ஐந்தில் ஒரு பங்கான 36ஐயும் கழி, 140 வருகிறது பார். டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் இந்த 140 உண்மையைவிடக் குறைவாக இருக்கும். எச்.டி.எல். மட்டும் ஒரு வேளைச் சாப்பாட்டில் அதிகம் மாறாது. ஆகவே 34 என்பது 34தான். இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் குழாயைக் கையில் பிடித்தவள் சொல்கிறேன்.

ராணி சித்தி: மலைப்பூண்டை எலுமிச்சைச் சாற்றில் கொதிக்கவைத்து 21 நாள் குடித்தால் நல்ல கொலஸ்ட்ரால் ஏறுமாம். செய்தி வந்திருக்கிறது.

செல்வி அத்தை: பூண்டு ரசத்தோடு நிற்கட்டும் ராணி.

முருகேசன் சித்தப்பா: பூண்டு என்றதும் நினைவு வந்தது. மேட்டுத் தோட்டத்துப் பூண்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை.

அம்மா: அதை இங்கே பேச வேண்டாம் தம்பி.

பாபு அண்ணன்: ஏற்றுவதற்கு மாத்திரை இல்லையா அத்தை?

செல்வி அத்தை: நியாசின் என்ற வைட்டமின் மாத்திரை இருந்தது. அமெரிக்காவில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.டி.எல். ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. 2011இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். எண்ணை மட்டும் ஏற்றிப் பயனில்லை பாபு. எதனால் இறங்கியது என்று பார்க்க வேண்டும். புகைத்தாலும் இறங்கும்.

கவிதா: விறகுக் கொட்டகையில் தொங்கும் மழைக்கோட்டின் உள்பையில் பீடிக்கட்டு இருந்தது. பாதி காலி. நேற்றுதான் பார்த்தேன்.

அம்மா: 2016இல் விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தாரே.

ராணி சித்தி: ஐயோ.

பாபு அண்ணன்: வியாழக்கிழமை கோவைக்கு அழைத்து வாருங்கள். இதய மருத்துவரிடம் காட்டுவோம். அப்பா இரண்டு நாள் என் வீட்டில் தங்கட்டும்.

முருகேசன் சித்தப்பா: தங்குவாரா? கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் இரவே மலையேறிவிட்டார்.

செல்வி அத்தை: முதலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இன்னொரு முறை எடுங்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

கவிதா: அப்படியென்றால் வியாழனா, அடுத்த வாரமா?

அப்பா: தேயிலைக் கொழுந்து எடுக்க வியாழனுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

அம்மா: ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா: பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் வரை வளைவு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பாபு அண்ணன்: நானே கார் எடுத்து வருகிறேன் அப்பா.

முருகேசன் சித்தப்பா: காரில் எனக்கும் இடம் இருக்கிறதா?