விட்ஜெட்: ‘திரையுறுப்பு’ என்னும் சொல்லை முன்வைத்து

வணக்கம். வரைகலை இடைமுகங்களில் பொத்தான், உரைப்பெட்டி போன்ற பாகம் ஒவ்வொன்றும் ‘விட்ஜெட்’ எனப்படுகிறது. அதைத் தமிழில் குறிக்கக் கருவி, கட்டுப்பாடு, குறுநிரல், உறுப்பு என்னும் நான்கு சொற்கள் நம்முன் உள்ளன. இவற்றைப் பொத்தானையும் உரைப்பெட்டியையும் கொண்டு எடைபோடுவதைவிட, நாமே புதிதாக எழுதும் ஒரு முள் கடிகாரத்தைக் கொண்டு எடைபோடுவது நல்லது. ஆயத்தமாகக் கிடைக்கும் பொத்தானை எடுத்துப் பொருத்துபவருக்கு எந்தப் பெயரும் ஒத்துவரும். நிரலின் அடிப்படை வகுப்பிலிருந்து (கிளாஸ்) ஒன்றை வருவித்து, அதன் உருவத்தைத் தாமே வரைபவருக்குத்தான் சொல்லின் பொருத்தமின்மை உறுத்தும்.

‘கட்டுப்பாடு’ என்பது விண்டோஸ் மரபில் ‘கன்ட்ரோல்’ என வழங்குவதன் நேர்பெயர்ப்பு. கடிகாரம் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. அது காட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ‘கருவி’ என்றால் கருவிப்பட்டையோடு மோதும். தவிரவும் இடைமுகங்களை எழுத உதவும் க்யூட், ஜிடிகே போன்ற நிரல் நூலகங்களைக் கருவித்தொகுதி (டூல்கிட்) என்று சொல்லிப் பழகிவிட்ட பிறகு, ‘கருவிக் கருவித்தொகுதி’ என்று எழுத யாருக்கும் மனம் வராது. ‘குறுநிரல்’ என்பதற்கு ஓர் இடம் உண்டு. 2005இல் மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்பில் வந்த டாஷ்போர்டு, தனித்தியங்கும் சிறு நிரல்களை விட்ஜெட் என்றழைத்தது. மேசைத்தளத்தில் தனியே மிதக்கும் கடிகாரத்துக்கு அந்தப் பெயர் தகும். ஆனால் அதற்கு வெகுமுன்பே, எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தோடு வளர்ந்த எக்ஸ் சாளர அமைப்பின் கருவித்தொகுதியில், சாளரத்துக்குள் அடங்கும் பாகத்தைக் குறிக்கவே அச்சொல் வழங்கியது. நாம் பெயர் தேடுவது இந்தப் பொருளுக்குத்தான்.

எஞ்சுவது ‘உறுப்பு’. யாப்பில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவற்றை உறுப்பு என்றே சொல்கிறோம்; எழுத்து அசைக்குள்ளும், அசை சீருக்குள்ளும், சீர் அடிக்குள்ளும் அடங்குவதுபோல, பொத்தான் சட்டகத்துக்குள்ளும் சட்டகம் சாளரத்துக்குள்ளும் அடங்குகிறது. ஒரே இடர்ப்பாடு, அணியின் (அரே) உறுப்பு, வகுப்பின் உறுப்பு என நிரலாக்கத்தில் இச்சொல் முன்பே கைக்கொள்ளப்பட்டிருப்பது. ஆகவே ‘திரையுறுப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘இடைமுகவுறுப்பு’ இன்னும் துல்லியமானதுதான். ஆனால் ஒரு பத்தியில் ஐந்து முறை எழுத வேண்டிய சொல்லுக்கு அந்த நீளம் சுமை.

இனிச் சொல்லை வேலைவாங்கிப் பார்க்கலாம். கடிகாரத் திரையுறுப்பு, தன்னை உள்ளடக்கும் தாய்த் திரையுறுப்பிடமிருந்து ஓர் இடத்தைப் பெறுகிறது. அதன் அகலம், உயரம் இரண்டில் சிறியதை விட்டமாகக் கொண்டு, ஆயத்தொலைவுகளின் தொடக்கப்புள்ளியை நடுவுக்கு நகர்த்தி, அதற்குரிய வரைநிகழ்வில் (வரையும்படி கருவித்தொகுதி அழைக்கும்போது) முகப்பையும் முட்களையும் வரைகிறது. நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை நகரும். மணி முள்ளை மணிக்கு 30 பாகை என்று மட்டும் கணக்கிட்டால், அது அறுபது நிமிடங்கள் அசையாமல் நின்று பிறகு ஒரே தாவாகத் தாவும். நிமிடத்துக்கு அரைப் பாகையையும் சேர்த்தால்தான் 10 மணி 10 நிமிடத்தில் அது 12இலிருந்து 305 பாகையில், 10ஐச் சற்றே கடந்து நிற்கும். கோணத்தைச் சைன், கொசைன் சார்புகளுக்குக் கொடுப்பவர்கள், அங்கே சுழியம் 3 மணித் திசையில் இருப்பதையும், திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நொடிதோறும் திரையுறுப்பைத் தட்டியெழுப்பும் ‘டைமர்’ இங்கே இன்னொரு பெயர்ச்சிக்கலைக் கொண்டுவருகிறது. அதை ‘நேரங்காட்டி’ என்றால், கடிகாரத்தை எழுதும் நிரலில் எது நேரத்தைக் காட்டுகிறது என்றே குழம்பிப்போகும். அது நேரத்தைக் காட்டுவதும் இல்லை, நம்பும்படி அளப்பதும் இல்லை: 1000 மில்லிநொடி என்று குறித்தாலும், நிகழ்வுகளை வரிசையாகக் கவனிக்கும் நிகழ்வுச்சுழல் வேறு வேலையில் இருந்தால் தூண்டல் தாமதமாகவே வரும். ஒவ்வொரு தூண்டலுக்கும் நொடி முள்ளை 6 பாகை தள்ளும் நிரலில் இத்தாமதங்களெல்லாம் சேர்ந்து கடிகாரம் பின்தங்கிவிடும். கணினி உறங்கி எழுந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் நேரத்தைப் படித்து, அதிலிருந்தே கோணத்தைக் கணக்கிட்டால் பிழை சேராது. ஆகவே ‘நேரத்தூண்டி’ என்பதே அதன் தொழிலுக்கு ஏற்ற பெயர். தூண்டப்பட்டதும் திரையுறுப்பு நேரே வரையத் தொடங்காமல், மீள்வரைவு வேண்டும் என்று மட்டும் தெரிவிக்க வேண்டும். அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளைக் கருவித்தொகுதி ஒன்றாக்கி, ஒரே முறை வரையச் செய்யும். இத்தனைக்கும் நடுவில் ‘திரையுறுப்பு’ எங்கும் இடறவில்லை.

இப்படி நாமே எழுதுவதைக் ‘கஸ்டம் விட்ஜெட்’ என்பார்கள். அந்தக் ‘கஸ்டம்’ என்னும் அடைமொழிக்குத் ‘தனிப்பயன்’ என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். பயனர் தம் விருப்பப்படி நிறத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வதற்கு அது பொருந்தும்; இங்கே நிரலர் இல்லாத ஒன்றைத் தாமே ஆக்குகிறார். அதனால் ‘தன்னாக்கத் திரையுறுப்பு’ என்று இருக்கட்டும். மறுப்பு இல்லையெனில் ‘திரையுறுப்பு’, ‘தன்னாக்கத் திரையுறுப்பு’ இரண்டையும் நம் கலைச்சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம். நேரத்தூண்டிக்கு இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.