அன்று அம்மா கையெழுத்து செல்லாதாம்: ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்ததில் உங்கள் அனுபவம் என்ன?

பாடாங் செராய் அக்கா:

"அந்தக் காலத்துப் பொண்ணுங்க வீட்டோட இருந்தாங்க" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மலேசியாவில் எந்த ரப்பர் தோட்டத்தில்? எங்கம்மா நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி, தங்கச்சியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) ஓடுவார். அப்பாவுக்கு அடுத்த நிரைதான் அம்மாவுக்கு. அவருக்குப் போட்ட மரக்கணக்கேதான் இவருக்கும். ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்ததும் அப்பா கள்ளுக்கடைக்கு, அம்மா அடுப்படிக்கு. சம்பள நாளில் இரண்டு பேர் காசும் ஒரே சட்டைப் பைக்குள் போகும். யாருடைய சட்டை என்று சொல்லத் தேவையில்லை.

1988இல் நான் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் பேக்டரி வேலைக்குப் போனேன். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் வந்ததிலிருந்தே இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மின்னணு வேலை பழகிவிட்டது. ஆனாலும் ராத்திரி ஷிப்டு பஸ் கோயில் முனையில் நின்றால், "பஸ் ஏறுற பொண்ண யாரு கட்டுவா?" என்று தண்டல் (தோட்ட மேஸ்திரி) வீட்டுப் பாட்டி என் காதுபடக் கேட்பார். சம்பளம் போட்ட வாரம் இருபது வெள்ளி (ரிங்கிட்) கைமாத்து கேட்டு வந்ததும் அதே பாட்டிதான்.

சம்பாதித்தால் மட்டும் போதவில்லை. 1998இல் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனேன். கணவர் சிங்கப்பூரில் வேலை. கவுண்டரில் பாரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள், அப்பா கையெழுத்து வேண்டுமாம். மறு வருஷம் பாதுகாவலர் சட்டத்தைத் திருத்தி, முஸ்லிம் அல்லாத தாய்க்கும் பிள்ளை விஷயத்தில் அப்பாவுக்குச் சமமான உரிமை கொடுத்தார்கள்.

லோரி தம்பி:

அக்கா, எங்க தோட்டத்தில் கித்தாவை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டதும் ஆம்பளைக்குக் குலை வெட்டு, பொம்பளைக்கு மருந்தடிப்பு. "லேசான வேலை" என்பார் தண்டல். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்குவது லேசாம்! அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி விஷம். அம்மாவின் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் போனார். 2002இல் தடை என்றார்கள், 2006இல் திரும்ப விட்டார்கள், ஒரேயடியாக நிறுத்தியது 2020இல்தான்.

போன மாதம் தங்கச்சி லோரி லைசென்ஸ் எடுக்கப் போறேன் என்றாள். "அது கஷ்டமான வேலை, உனக்கெதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார். மீதியை முழுங்கிவிட்டேன்.

புது அப்பா:

நம்ம கதை சின்னது. 2023 ஜனவரியிலிருந்து தனியாரில் வேலை செய்யும் அப்பாக்களுக்கும் சட்டப்படி ஏழு நாள் லீவு உண்டே, எடுத்தேன். பாப்பாவுக்குப் பெம்பர்ஸ் (டயப்பர்) மாத்திக்கொண்டிருந்தபோது அத்தை பதறிவிட்டார், "ஐயோ மாப்ள, அத வைங்க!" நாற்பது வருஷம் கித்தா வெட்டிய மாமா, பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல எது முன்பக்கம்?"

ஒட்டுற பக்கம் பின்னால வரணும் மாமா என்று காட்டினேன்.