ராட்சத ரோபோவுக்கு எட்டு பிட் உடம்பு போதுமா?

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை):
சித்தூர்ப்புழை ஓரமாக 18 மீட்டர் உயர ராட்சத ரோபோ ஒன்று நடந்து போகிறது. இதுதான் நண்பர்கள் சேர்ந்து செய்துவரும், வசனமில்லாத ஆறு நிமிட அனிமேஷன் படத்தின் கதை. தயாரிப்பாளர் கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கும் இரவு நேரம்தான் முதலீடு. படம் முழுவதையும் பழைய எட்டு பிட் ஃபேமிகாம் டிவி கேம் போல, 256-க்கு 240 பிக்சலில், விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களில் வரைய வேண்டும் என்கிறேன் நான். குழுவில் பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

வாளையாறு வரைஞன்:
கூடாது என்பவர்கள் பக்கம்தான் நானும். 1983-இல் வந்த ஃபேமிகாமின் வேலை நினைவகம் 2 கிலோபைட். அன்றைய ஓவியர்கள் கட்டம் கட்டமாக வரைந்தது விருப்பத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால். இன்று நிலைமை அப்படியா? லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு ‘ஃப்ளோ’ படத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் செய்தார். 2025-இல் ஆஸ்கர் வாங்கினார். அதே பிளெண்டர் உங்களுக்கும் இலவசம். கையில் இருப்பதை ஒதுக்கிவிட்டுப் பழைய தடைகளை ஏன் வலிய இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று, இதுதான் முக்கியம்: ராட்சதன் என்றால் எடை. அனிமேஷனில் மனிதன் ஓர் அடி வைக்க வழக்கமாக 12 பிரேம், அதாவது அரை விநாடி. கால் என்பது ஊசல். நீளம் பத்து மடங்கானால் அது ஆடும் நேரம் ஏறத்தாழ 3.2 மடங்காகும். அந்தக் கணக்கில், மனிதனைப்போல் பத்து மடங்கு உயரமான 18 மீட்டர் ரோபோ ஓர் அடி வைக்க 38 பிரேம் ஆக வேண்டும். அந்த 38 பிரேமிலும் முழங்கால் மடங்குவதையும் பாதம் மண்ணில் அழுந்துவதையும் நாம் பார்க்க வேண்டும். உங்கள் திரையில் கால் பிக்சல் பிக்சலாகத் தத்தும். எடை எங்கே வரும்?

பனங்காட்டான்:
38 பிரேம் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் எடை வராது என்பதை ஏற்க மாட்டேன்.

ஃபேமிகாமில் நகரும் உருவங்கள் 8 பிக்சல் அகலத் துண்டுகளால் ஆனவை. அவற்றை ஸ்ப்ரைட் என்பார்கள். ஒரு கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகள்தான் தெரியும். ஒன்பதாவது காணாமல் போகும். எட்டும் சேர்ந்தால் 64 பிக்சல், திரை அகலத்தில் கால்வாசி. அப்படியிருந்தும் திரையை அடைத்துக்கொண்டு வரும் ராட்சத எதிரிகள் அந்த விளையாட்டுகளில் உண்டு. எப்படி? எதிரியைப் பின்னணியாகவே வரைந்தார்கள். மலையும் வானமும் இருக்க வேண்டிய இடத்தில் அவனை வரைந்து, மிச்சத்தைக் கறுப்பாக விட்டு, பின்னணி முழுவதையும் நகர்த்தினார்கள். ராட்சதன் அசைந்தால் நிலப்பரப்பே அசைகிறது! சிறுவயதில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உத்தி இன்னதென்று தெரிந்த பிறகு அந்தச் சிலிர்ப்பு கூடியிருக்கிறது, குறையவில்லை. எந்த முப்பரிமாண மாதிரியும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

குப்பம் பாவைப்பிரியை:
இருவரும் ரோபோவை மட்டுமே பார்க்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பனையை யாராவது பார்த்தீர்களா? நன்றாக வளர்ந்த பனை 20 மீட்டரைத் தாண்டும். 18 மீட்டர் என்பது 1979-இல் வந்த ‘மொபைல் சூட் கண்டம்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் நாயக ரோபோவின் உயரம். அதைக் கொண்டுவந்து கொழிஞ்சாம்பாறைப் பனங்காட்டில் நிறுத்தினால் அதன் தலை ஓலைக்குக் கீழேதான் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

அந்தத் தொடருக்குப் பணம் பொம்மைக் கம்பெனியிடமிருந்து வந்தது. 52 பகுதிகளாகத் திட்டமிட்டதை 43-இல் முடித்துக்கொள்ள நேர்ந்தது. 1980-இல் அந்த ரோபோவின் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. உங்களுக்கு விற்கப் பொம்மை இல்லை. ஆகவே ரோபோ பளபளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜப்பானிய இயக்குநர் மகோடோ ஷின்காய் 2002-இல் வீட்டுக் கணினியில் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த 25 நிமிடப் படத்திலும் ரோபோ உண்டு. மனத்தில் நிற்பவை வானமும், தாமதமாக வந்து சேரும் கைப்பேசிச் செய்திகளும்.

அசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆந்திரப் பக்கத்துத் தோல்பொம்மைகள் ஆளுயரம் இருக்கும், ஒளி ஊடுருவி நிறம் தெரியும். உங்கள் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் கம்பராமாயணப் பாடலுக்கு ஆடுபவை கறுப்பு நிழல்கள். பெரும்பாலும் ஒரு கை மட்டுமே அசையும். அந்த ஒற்றைக் கை அசைவிலேயே இராவணன் சபைக்கு வந்துவிட்டான் என்று விடிய விடிய நம்புகிறோம். 38 பிரேமும் நிரம்பித்தான் ஆக வேண்டுமா, வரைஞரே?

வாளையாறு வரைஞன்:
அக்கா, பாவைக்கூத்தில் பாட்டும் புலவரின் உரையும் பாதிச் சுமையைத் தாங்குகின்றன. இவர் படத்தில் வசனமே இல்லை என்றால் அந்தச் சுமையை யார் தாங்குவது?

பனங்காட்டாருக்கு: பின்னணி உத்தி அருமையானதுதான். ஆனால் அதற்குச் சுற்றிலும் கறுப்பு வேண்டும். ரோபோவே பின்னணி என்றால் பனைகளை எங்கே வைப்பீர்கள்? அதே பின்னணியில் வைத்தால் ரோபோவோடு சேர்ந்து பனைகளும் நடக்கும்.

பனங்காட்டான்:
பனைகளை ஸ்ப்ரைட் ஆக்கிவிடலாம். மரம் 8 பிக்சல் அகலம், ஒரு கோட்டில் எட்டு மரம். கொண்டைக்கு மூன்று துண்டு வேண்டும். ஆகவே ஒரே உயரத்தில் இரண்டு கொண்டைகள்தான் நிற்க முடியும். மற்றவற்றை ஏற்ற இறக்கமாக வைக்க வேண்டும். பனங்காடு எப்போது ஒரே உயரத்தில் இருந்தது? கதை இரவில் நடக்கும். கறுப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது.

வாளையாறு வரைஞன்:
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓலை அசையாமல் நிற்காது. அந்த மூன்று துண்டுகளுக்குள் அதையும் காட்டியாக வேண்டும். ஓர் அடி, 38 பிரேம், மூன்று பனை. பிளெண்டரில் ஒன்று நான் செய்து அனுப்புகிறேன். உங்கள் முறையில் ஒன்று நீங்கள் செய்யுங்கள். அதுவரை என் கருத்தில் மாற்றமில்லை.