மரம் கழிக்கும் தொழிலுக்குக் குட்டி யானையா, பிக்கப்பா?

கேள்வி:
அண்ணன்மார்களே, பட்டுக்கோட்டைப் பக்கம் மூன்று பேராக மரம் கழிக்கிறோம். 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்கப் போய்த்தான் தொழிலே பழகினேன். இதுவரை வாடகை வண்டிதான், இனிமேல் சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். குட்டி யானை (டாடா ஏஸ்) போதுமா, இல்லை பொலேரோ பிக்கப்பா? மரம் அறுக்கும் செயின் மெஷின் எந்த அளவு வாங்குவது?

பதில் 1:
தம்பி, பச்சை மரத்தின் எடையைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் பச்சைக் கட்டை ஒரு டன்னை நெருங்கும், குட்டி யானை தாங்குவதோ முக்கால் டன் சொச்சம்தான். தழை, மட்டை மட்டும் என்றால் அது போதும், சந்துக்குள்ளும் நுழையும். அடிமரமும் ஏற்றுவீர்கள் என்றால் பிக்கப்தான். என் பழைய வண்டியில் வேப்பங்கட்டையை அடுக்கி ஏற்றி, வேகத்தடையில், அடியில் எடை தாங்கும் கமான் பட்டை முறிந்து, ராத்திரி 11 மணிவரை நடுரோட்டில் நின்றேன்.

பதில் 2:
பெரிய மெஷின் ஒன்றையே வாங்கி மரத்து மேலும் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அடிமரத்துக்கு 70 சிசி, 20 அங்குல பார் (செயின் ஓடும் தகடு). மேலே கிளைக்கு 35 சிசிக்குள் லேசானது. அப்புறம், கயிறு, பெல்ட், ஹெல்மெட்டுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள், வண்டி பிறகு. மேலே அறுக்கும்போது உங்களை மரத்தோடு இரண்டு கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள், செயின் பட்டு ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. நாளைக்கே பெல்ட் வாங்குகிறேன். பழைய பிக்கப் ஒன்று வந்திருக்கிறது, கமான் பட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.