டிஎஸ்சி டோக்கனை உலாவியோடு நேரடியாக இணைக்க வழி உண்டா?

ஜெயநகர்க் கணினியாள்:
வணக்கம். பெங்களூரு ஜெயநகரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்களின் டிஎஸ்சி டோக்கன்கள் (எண்முறைக் கையொப்பச் சான்றிதழும் அதன் சாவியும் உள்ள யூஎஸ்பி கருவிகள்), ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. தளத்துக்குத் தளம் வேறு மென்பொருளை நிறுவச் சொல்கிறார்கள். சென்ற வாரம் ஜாவா பதிப்பு மாறியதும், டோக்கனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தும், சான்றிதழ் கிடைக்கவில்லை என்றே திரை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்துக்கென ஒரு வலைச்செயலி எழுதுகிறேன். உள்நுழையவும் ஆவணத்தில் கையொப்பமிடவும் டோக்கனையே பயன்படுத்த எண்ணுகிறேன். இடையில் எதுவும் இல்லாமல் முடியுமா?

பிசிஎஸ்சி பழசு:
முடியாது. முன்பு உலாவிக்குள் ஓடிய ஜாவா ஆப்லெட், ஆக்டிவ்எக்ஸ் ஆகிய சிறு நிரல்கள் அந்த வேலையைச் செய்தன. ஆப்லெட்டை ஓட்டிய என்பிஏபிஐ வகைச் செருகுநிரல்களைக் குரோம் 2015 செப்டம்பரிலும், ஃபிளாஷ் நீங்கலாக ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் கைவிட்டதோடு அந்த வழி அடைபட்டது. வலைப்பக்கம் யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேச உதவும் வெப்யூஎஸ்பி வந்தபோது பலருக்கும் ஆசை பிறந்தது. ஆனால் உங்கள் டோக்கனைப் போன்ற ஸ்மார்ட் கார்டு வகைக் கருவிகளை அது வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறது. அது சரியென்பதே என் கருத்து. தன்னோடு பேசுவது எந்தத் தளம் என்பது கார்டுக்குத் தெரியாது; கடவு எண் ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால், யார் நீட்டினாலும் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடும்.

கோரமங்களா நிரலர்:
உள்நுழைவும் கையொப்பமும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே சாவியால் செய்ய முயல்வதில்தான் பாதிச் சிக்கல். உள்நுழைவுக்கு, 2019 மார்ச்சில் வலைத்தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்த, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவியால் உள்நுழையும் முறையான வெப்ஆத்தன் போதும். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாவி. தளத்தின் முகவரியும் கையொப்பத்துக்குள் சேர்ந்துவிடுவதால், போலித் தளத்தில் அது செல்லாது.

ஆவணக் கையொப்பத்துக்கு அது உதவாது. அதற்கு உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். ஆகவே டோக்கன் இருந்தே தீரும். எஸ்தோனியா தன் அடையாள அட்டைகளுக்குப் பயன்படுத்தும் வெப் ஈஐடியைப் பாருங்கள். உலாவியில் ஒரு நீட்சி, கணினியில் ஒரு சிறு செயலி, இரண்டுக்கும் இடையே நேட்டிவ் மெசேஜிங், அதாவது நீட்சியும் செயலியும் பேசிக்கொள்ள உலாவியே தரும் வழி. நம்மூர் மென்பொருள்கள் சில 127.0.0.1இல் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதைப் போலன்றி, இதில் அனுமதிபெற்ற நீட்சி மட்டுமே செயலியை எழுப்ப முடியும். உங்கள் டோக்கனுக்கு, செயலிகள் டோக்கனோடு பேசுவதற்கான பொது இடைமுகமான பிகேசிஎஸ் 11 வழியாக இதே அமைப்பை எழுதலாம். கடவு எண்ணை வலைப்பக்கத்தில் கேட்கவே கேட்காதீர்கள்; செயலியின் சொந்தச் சாளரத்தில், எந்தத் தளம், எந்த ஆவணம் என்பதைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். கார்டுக்குத் திரை இல்லை. அதற்குப் போய்ச் சேர்வது ஆவணத்தின் ஹாஷ் (ஆவணத்திலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்) மட்டுமே.

ஜெயநகர்க் கணினியாள்:
நன்றி. அப்படியானால் செயலியை ஒவ்வொரு கணினியிலும் நிறுவியாக வேண்டுமா?

கோரமங்களா நிரலர்:
ஆம், ஆனால் ஒன்றே ஒன்று. பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைச் சான்றிதழ் உரியவர்மீதே வைக்கிறது. டோக்கன்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, அவரவர் கணினியிலேயே ஒப்பமிடும்படி செயலியை அமைத்தால், டப்பாவுக்கு வேலை இருக்காது.